செவியாவில் ஓர் அறை

"பிள்ளை, நீர்தான் அங்க போய் வந்த ஆள். உள்ளதை உள்ளபடி சொல்லும்" என்றார் சோதிலிங்கம் அங்கிள்.

உள்ளதைச் சொல்வதற்காக அவர் என்னை ஹில்ஸ்பரோவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மகளைப் பயமுறுத்தத்தான் கூப்பிட்டிருந்தார். ஸ்பெயினில் செவியா நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்கக் கிருசாந்திக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். போன வருடம் நான் படித்ததும் அதே ஊரில்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

"போட்டோவைப் பாத்து ரூம் எடுக்காதே" என்றேன் கிருசாந்தியிடம். "எனக்கு அனுப்பின போட்டோவுல ஜன்னல் இருந்துச்சு. ரூம்ல இல்ல. மத்தியானம் கடையெல்லாம் மூடிடுவாங்க, காலையிலேயே சாமான் வாங்கிடு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேலதான், அழாதே. இங்கிலீஷ் பேசுற கூட்டத்தோட ஒட்டிக்கிட்டியோ, போனதே வேஸ்ட்."

"ஓகே அக்கா."

புஷ்பவதி ஆன்ட்டி வடைத் தட்டோடு வந்தார். "சைவச் சாப்பாடு கிடைக்குமோ?"

"இறைச்சி வேண்டாம்னு சொன்னா மட்டும் போதாது ஆன்ட்டி. பன்னியில செய்யுற ஹாம் இருக்கே, அதை இறைச்சிக் கணக்குலயே சேக்க மாட்டாங்க. கீரையில தூவிக் கொண்டாந்து வைப்பாங்க. அதையும் தனியாச் சொல்லணும்."

"சிவ சிவா!"

அங்கிளின் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் சொல்லுறன். மட்ரிட்டில எங்கட குணரத்தினத்தாற்ற மருமகன் இருக்கிறார். அங்க நிண்டுகொண்டு படிக்கப் போய் வரட்டும். இல்லாட்டி வேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்த நாட்டுக்குப் போனாலும் நம்ம ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்; அவர் எந்த ஊரில் இருந்தால் என்ன!

"அங்கிள், நீங்க இங்க குடியிருந்துக்கிட்டு தினம் வெலிங்டனுக்கு வேலைக்குப் போவீங்களா? மட்ரிட்டுக்கும் செவியாவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல."

அவர் தாடையைத் தடவினார். "அப்ப அந்த ஊரில இவளுக்கு ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்ல."

"அக்கா!" என்று பல்லைக் கடித்தாள் கிருசாந்தி.

"எனக்கும் யாரும் இல்லதான் அங்கிள். காய்ச்சல்ல கிடந்தப்போ கதவைத் தட்டினது வீட்டுக்காரம்மா பிலார். நான் இருந்த ரூம் இப்போ காலி. அங்க இப்ப காலை நேரம். இவளே பேசட்டும்."

என் போனில் வீடியோ கால் போட்டேன், பிலார் வந்தார். கிருசாந்தி முதலில் ஸ்பானிஷில் திக்கினாள். பிறகு கை பேச ஆரம்பித்தது, வாய் அதன் பின்னால் ஓடியது. வீட்டில் எதைக் கேட்டாலும் "ஓகே" என்று முடிப்பவள்! அங்கிள் போனைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"ஹீட்டர் இருக்காம் அப்பா. பாத்ரூம் ஷேர் பண்ண வேணும்."

"அறைக் கதவுக்குப் பூட்டு இருக்கோ கேள்."

கேட்டாள். பிலார் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டிக் காட்டினார்.

"வெளியால இருந்தும் பூட்டச் சொல்லு."

அதையும் செய்தார்.

"திறப்பு எத்தினை பேரிட்ட இருக்காம்?"

பிலார் இரண்டு சாவிகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்றைத் தன் மார்பில் வைத்தார், மற்றதைக் கிருசாந்தியை நோக்கி நீட்டினார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அங்கிள் வடையை எடுத்தார், கடிக்காமல் திரும்ப வைத்தார்.

"நாளை வரைக்கும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? இப்பவே ஓம் எண்டு அனுப்பு."

கிருசாந்தி போனை என் மடியில் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்ன நடந்தது, என்ன நடந்தது என்று பிலார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் வருகிறாள் என்று நான்தான் சொன்னேன்.