வாசலில் அவுட்

பவானியில் மூன்று நண்பர்கள் ஒரு பேஸ்பால் லீக் நடத்தினார்கள். அதில் ஆட்டக்காரர்கள் ஊர்க்காரர்கள்தான். வீட்டைவிட்டுக் கிளம்பி, மூன்று இடங்களைத் தொட்டு, வீடு திரும்புகிறவருக்கு ஒரு ரன்.

ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் மெத்தைக்கடை நஜீர். அவருடைய மச்சினர் டல்லாஸில் இருந்தார். அங்கே ஆபீஸ் சிநேகிதர்கள் கூடி, ஆளுக்கு ஒன்பது ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கேயோ ஆடுகிற ஆட்டத்தை வைத்துப் புள்ளி போடுவார்களாம்; வருசக் கடைசியில் ஒருவர் ஜெயிப்பாராம். போனில் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பந்து, மட்டை என்று ஆரம்பித்த இடத்தில் லைன் கட்டாகிவிட்டது. அதுவரைக்கும் சொன்னதே போதுமானதாக இருந்ததால் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

லீக்கை நடத்துகிற பொறுப்பு சென்னியப்பனிடம் வந்து சேர்ந்தது. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, எத்தனை சுற்று இருந்ததோ அத்தனை சுற்றையும் ஒன்று கூடாமல் குறையாமல் திரும்பக் கட்டுகிற மனுசனுக்கு விதி என்றால் விதிதான். நஜீரும் சென்னியப்பனும் ஆளுக்கோர் அணி வைத்திருந்தார்கள். மூன்றாவது அணி தையல்காரர் ஆரோக்கியசாமியுடையது.

சித்திரை முதல் நாள் காயில் கடையில் ஏலம் நடக்கும். புளியங்கொட்டையில்தான் கேட்பார்கள். ஊர் சனம் குளித்து, சலவைத் துணி உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். ஏலம் போகாதவர்கள் வழக்கம்போல வீட்டுக்குப் போவார்கள். அந்த வருசம் அவர்கள் எங்கே போனாலும் வந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. இரண்டொருவர் அதை மனசில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்ததுண்டு.

விதிகள் அதிகமில்லை. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவில் போகும்போது எதிரணிக்காரர் தொட்டுவிட்டால் அவுட். எதிரணியில் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த அணியின் சொந்தக்காரரே தொடலாம். ஓர் இடத்தில் நிற்கையில் சொந்த அணிக்காரர் இன்னொருவர் அங்கே வந்துவிட்டால் முதலில் நின்றவர் நகர்ந்தாக வேண்டும். அதனால் பவானியில் டீக்கடையில் யாரும் நெடுநேரம் உட்காருவதில்லை. அவுட் ஆனவர் தன் அணியின் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அந்த அணியில் மூன்று பேர் அவுட் ஆகும்வரை அவர் தன் வீட்டைத் தொடக்கூடாது.

நடுவராகப் பஸ் ஸ்டாண்டில் இருந்த எடை மெஷினை வைத்துக்கொண்டார்கள். ஊரில் யாருக்கும் சொந்தபந்தம் இல்லாத ஆள் அது ஒன்றுதான்.

இன்னொரு விதி, தன் வீட்டு ஆளைத் தன் அணியில் எடுக்கக்கூடாது என்பது. சென்னியப்பனின் மனைவி துளசிமணியை நஜீர் எடுத்திருந்தார். பால் டிப்போ, மாரியம்மன் கோயில், பாலத்துக்கு அந்தப்பக்கம் குமாரபாளையத்தில் அக்கா வீடு, அங்கிருந்து தன் வீடு. அடுப்பில் வைத்த பருப்பு வேகுமுன் ஒரு ரன் எடுத்துவிடுவாள். லீக்கிலேயே அவளுக்குத்தான் ரன் அதிகம். இத்தனை வருசம் கூடவே இருந்தும் அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசி வாரம் நஜீர் அணிக்கும் சென்னியப்பன் அணிக்கும் ஆட்டம். இரண்டும் சமமாக இருந்தன. நஜீர் அணி ஆடிக்கொண்டிருந்தது, ஒருவர்கூட அவுட் ஆகவில்லை.

அன்றைக்குத் துளசிமணி அக்கா வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசியில் கொள்ளுப்பருப்போடு வந்தாள். தெருவில் எதிரணி ஆள் யாரும் இல்லை. வாசற்படியில் வைக்க ஒரு காலைத் தூக்கினாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சென்னியப்பன் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார்.

"என்னங்க?" என்றாள்.

"அவுட்."

அவள் தூக்கிய காலைத் தெருவிலேயே வைத்தாள். தூக்குப்போசியை அவரிடம் கொடுத்தாள். "சோறு வடிச்சு வெச்சிருக்கறேன். ஆறறதுக்குள்ள சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டு நஜீர் கடை முன்னாலிருந்த பெஞ்சைப் பார்த்து நடந்தாள்.

கால் படியில் பட்ட பிறகுதான் தொட்டார் என்று நஜீர் வாதாடினார். மூவருமாக அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். துளசிமணி மெஷின்மேல் ஏறி நின்றாள். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சுற்றி ஓய்ந்தன. வந்து விழுந்த அட்டையை ஆரோக்கியசாமி படித்தார்: "எடை ஐம்பத்தொன்று. வாசல்வரை வந்த அதிர்ஷ்டம் உள்ளே வர நாளாகும்." அவுட்தான் என்று ஆயிற்று. சென்னியப்பன் வீட்டுக்குப் போய்க் கொள்ளுப்பருப்பை ஊற்றிச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது.

இன்னும் இரண்டு பேர் அவுட் ஆனால் துளசிமணி வீட்டுக்கு வந்துவிடலாம். சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்று சென்னியப்பன் நினைத்தார். ஆகவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்த துளசிமணிக்குக் கடைவீதி முழுக்கத் தெரிந்தது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் எந்தச் சந்தில் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் காதைச் சொறிந்தால் போகலாம். முந்தானையை இழுத்துச் செருகினால் நிற்க வேண்டும். நஜீர் அணிக்காரர்கள் அவளைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். ஒருவரும் அகப்படவில்லை. ரன் ஏறிக்கொண்டே போயிற்று. நஜீர் வீட்டிலிருந்து அவளுக்குச் சாப்பாடு வந்தது. பொழுது சாய்ந்ததும் கடைக்குள் புது மெத்தையில் படுத்துக்கொண்டாள். நல்ல தூக்கம் என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

சென்னியப்பனுக்கு வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டார். கடையில் காயில் சுற்றும்போது எண்ணிக்கை தவறியது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடி தவறியது. வீட்டுக்குள் போனால் வீடும் வாய் திறவாமல் இருந்தது. மத்தியானங்களில் மெத்தைக்கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நிற்க ஆரம்பித்தார். துளசிமணி அவரைப் பார்ப்பாள். எதிரணி ஆள் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் ஆரோக்கியசாமி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய் டீம்ல ஓராள் குறையுதில்ல? ஏலம் போகாத ஆளு யாராச்சும் இருந்தா நடுவுல சேர்த்துக்கலாம்னு விதி இருக்குது."

"இருக்குது" என்றார் சென்னியப்பன். "ஏலம் போகாத ஆளுல யாரு இருக்கறா?"

"நீ இருக்கற."

ஏலம் விடுகிறவரை யாரும் ஏலம் கேட்டதில்லை. சென்னியப்பன் தெருவைக் கடந்து மெத்தைக்கடைக்குப் போனார்.

"பாய், என்னைய எடுத்துக்க."

நஜீர் பஞ்சை அமுக்கிக்கொண்டே கேட்டார்: "உன் டீமு?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

நஜீர் துளசிமணியைப் பார்த்தார். அவள் காதைச் சொறிந்தாள். நஜீர் எடுத்துக்கொண்டார்.

சென்னியப்பனின் எண்ணம் எளிமையானது. தான் அவுட் ஆனால் கணக்கில் ஒன்று கூடும். மறுநாள் காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு, நடுரோட்டில் மெதுவாக, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டாமல் வைத்துக்கொண்டு நடந்தார். எதிரே அவருடைய பழைய அணிக்காரர், மருந்துக்கடைக் கம்பவுண்டர் வந்தார். சென்னியப்பனைக் கண்டதும் குடையை மடக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் ஒதுங்கிவிட்டார்.

"வந்து தொடுங்க" என்றார் சென்னியப்பன்.

"ஓனரைப் போய்த் தொடறதுங்களா?" என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

பால் டிப்போவைத் தொட்டார். அதன் படி இவ்வளவு உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. கோயிலைத் தொட்டார். பாலத்தைத் தாண்டி அக்கா வீட்டைத் தொட்டார். துளசிமணியின் அக்கா ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து கொடுத்து, "துளசி சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தார். வீட்டு வாசற்படியில் கால் பட்டதும் நஜீருக்கு ஒரு ரன்.

அடுத்த சுற்றிலும் அப்படியே. எல்லோரும் மரியாதையாக விலகி நின்றார்கள். நடக்க நடக்க ரன் வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா அதையே கேட்டாள். தினமும் துளசிமணியிடம் "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டிருப்பாள் என்றும், துளசிமணிக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்கும் என்றும் சென்னியப்பனுக்குப் பாலத்தின் நடுவில் வரும்போது தோன்றியது. தன் அணியைத் தானே தோற்கடித்துவிட்டதாக ஆரோக்கியசாமி வந்து சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு மேலே நடந்தார். இன்னிங்ஸ் முடிந்தால்தானே வீடு.

அவருடைய பழைய அணியில் பழனாத்தாள் என்று ஒரு கீரைக்காரம்மாள் இருந்தார். சென்னியப்பன் அவரை ஒரு புளியங்கொட்டைக்கு எடுத்து, அதற்கப்புறம் ஒருநாள்கூட ஆடவிடவில்லை. கோயிலுக்கும் பாலத்துக்கும் நடுவில் கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் வழியில் நின்றார்.

"தொடலாமுங்களா?"

"தொடுங்கம்மா."

பழனாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவருடைய முழங்கையில் ஒரு விரலை வைத்தார். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நானும் ஆடிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லியபடி போனார்.

சென்னியப்பன் மெத்தைக்கடைக்கு வந்தார். துளசிமணி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சுங்க. நீங்க?"

"உங்கக்கா மோர் குடுத்தாங்க."

"உப்பு கூடப் போட்டிருப்பா."

"நல்லாத்தான் இருந்துது."

நஜீர் அணிக்காரர் ஒருவர் மூலையில் வந்து நின்றார். துளசிமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். அவர் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு வாசல்ல என்னையத் தொட்டீங்களே" என்றாள்.

"ஆமா."

"இந்த வருசத்துல அது ஒருக்காதானுங்க."

வெயில் எதிர்ச்சாரிக் கடைகளின் சுவரில் பாதிவரைக்கும் ஏறியிருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜெயிக்கோணும்னு தொட்டுப்போட்டேன்."

"தெரியுமுங்க."

அவர் தன் கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அந்த வழியாக வந்த ஆரோக்கியசாமி பார்த்துவிட்டு நின்றார். இரண்டு பேரும் இப்போது ஒரே அணி. ஒரே அணிக்காரர்கள் தொட்டுக்கொண்டால் அதற்குப் புள்ளி கிடையாது. அவர் தன் வழியில் போய்விட்டார்.

இன்னும் ஓர் அவுட்தான் பாக்கி. சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூலையில நிக்கற ஆளை நீ தப்பா அனுப்பிச்சின்னா முடிஞ்சுது. வீட்டுக்குப் போயரலாம்."

"அப்படி ஆடறது ஆட்டமுங்களா?" என்றாள் துளசிமணி.

சென்னியப்பன் அதை யோசித்துப் பார்த்தார். இல்லைதான். அவள் காதைச் சொறிந்தாள். மூலையில் நின்றவர் ஓடிப்போய்த் தன் வீட்டைத் தொட்டார். சென்னியப்பன் தன்னையறியாமல் "நல்ல ஓட்டம்" என்றார்.

அப்படியே சில நாட்கள் போயின. காயில் கடைக்கு வந்தவர்கள் மோட்டாரைப் பெஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் அங்கேயே சுற்றினார், எண்ணிக்கை தவறவில்லை. அவர் சுற்றும்போது துளசிமணி பேசமாட்டாள். சுற்றி முடித்ததும் பேசுவாள்.

ஒரு காலை பால் டிப்போ பக்கமிருந்து சனங்கள் விலகி வழிவிடுவது தெரிந்தது. சென்னியப்பனின் வீடு வந்துகொண்டிருந்தது. பால் டிப்போவைச் சுவரால் தொட்டது. கோயில் முன்னால் கொஞ்சம் தாழ்ந்து, தொட்டுவிட்டு எழுந்தது. பாலத்தில் அது ஏறியபோது ஈரோட்டுப் பஸ் பின்னால் போய் வழிவிட்டது. அக்கா வீட்டு முன்னால் சிறிது நேரம் நின்றதாம். அவள் ஜன்னல் கட்டையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்து அனுப்பினாளாம். திரும்பி வருகையில் கொல்லைக் கொடியில் காய்ந்த துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. நடந்து பழக்கமில்லாததால் திருப்பங்களில் நிதானித்து வந்தது.

மெத்தைக்கடைக்கு முன்னால் வந்து பெஞ்சைப் பார்த்தபடி நின்றது.

ஆரோக்கியசாமி தோளில் இஞ்ச் டேப்போடு தன் தையல் கடையிலிருந்து இறங்கி வந்தார். "அவுட் ஆனவங்க வீட்டைத் தொடக்கூடாது" என்று ஞாபகப்படுத்தினார்.

"அவங்க தொடலையே" என்றார் நஜீர்.

வீடு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. அதன் வாசற்படி முதலில் துளசிமணியின் பாதத்திலும் பிறகு சென்னியப்பனின் பாதத்திலும் மெதுவாகப் பட்டது. துளசிமணி குனிந்து படியிலிருந்த பாலத்து மண்ணைக் கையால் தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு இடம் போதாமல் இருந்தது. நஜீர் தன் ஸ்கூட்டரைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.