எச்சில் வேண்டாம், சளி வேண்டும்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த கோவிந்தப்பனின் ஆக்ஸிஜன் அளவு, மாஸ்க் மாட்டியும், எண்பத்தெட்டு.

மூன்று நாளாக ஏற்றிய ஊசிமருந்து அந்த நிமோனியாவைத் தொடவே இல்லை. வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஓசூரில் ஆள் கொஞ்சம் மோசமானால் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வழக்கம். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. லேப் டெக்னீஷியன் அருள்செல்விக்கு அந்த நினைப்பு கிடையாது. காலை நெரிசலில் அந்தச் சாலை இரண்டு மணி நேரம் வாங்கும். இந்த மூச்சு அவ்வளவு நேரம் தாங்குமா?

அவளிடம் புது மெஷின் இருந்தது. சளியை உள்ளே வைத்தால், கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடித்து, இன்ன கிருமி என்று ஒன்றேகால் மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் ஃபிரிட்ஜில் இருந்தது ஒரே ஒரு கிட்.

"பதினொன்றரை வரைக்கும் பார்ப்போம், அருள். அதுக்கு மேல வச்சிருக்க முடியாது," என்றார் டாக்டர் ஆனந்தராஜ்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கோவிந்தப்பனின் சளி டப்பா வந்தது. ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். எல்லாம் வாய்த்தோல் செல்கள். வெறும் எச்சில். இதை வைத்தால் மெஷின் ஒன்றுமில்லை என்று சொல்லும், கிட்டும் போய்விடும். டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கேயே போனாள்.

நோயாளியின் மச்சான் முனிவேல் வழிமறித்தான். "என்னா மேடம், ரிசல்ட் வந்துருச்சா?"

"இது எச்சில், தம்பி. நெஞ்சுக்குள்ள இருந்து சளி வரணும்."

"துப்புறதுல எச்சில் என்னா, சளி என்னா? மூணு நாளா குத்து குத்துன்னு குத்துனீங்க, இப்ப எங்க மாமன் துப்புனதே சரியில்லைன்றீங்க. பெங்களூர்ல இப்படிச் சொல்வாங்களா?"

"அங்கயும் இதான் சொல்வாங்க. கன்னடத்துல சொல்வாங்க."

உப்புநீரை ஆவியாக்கிப் பத்து நிமிடம் பிடிக்க வைத்தாள். கோவிந்தப்பன் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார்; சுவர்ப்பக்கம் திரும்பி, பட்டும் படாமல் துப்பினார். அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அவர் மனைவி நாராயணம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், கம்பெனி பஸ்ஸு ஜன்னல்ல இருந்து ரோடு பூராத் துப்புற ஆளு நீ. இன்னிக்கு என்னாத்துக்கு வெக்கம்? நல்லா இழுத்துக் காறு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்த அந்த இருமலோடு, பழுப்பு நிறத்தில் ஒரு கட்டிச் சளி டப்பாவில் விழுந்தது.

"இதான்!" என்று அருள்செல்வி கத்தியே விட்டாள்.

பத்தே காலுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. பதினொரு மணிக்கு ஆக்ஸிஜன் எண்பத்தாறுக்கு இறங்கியது. ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். முனிவேல் லேப் கதவைவிட்டு நகரவில்லை. பதினொன்று இருபத்தெட்டுக்குத் திரையில் வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று வந்தது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. லெஜியோனெல்லா.

அவள் காரிடாரில் ஓடினாள்.

"அடேங்கப்பா!" என்றார் டாக்டர். "நாம போட்ட ஊசி இதை ஒண்ணுமே செய்யாது." அங்கேயே நின்று மருந்தை மாற்றி எழுதினார். பிறகு முனிவேலிடம், "தண்ணியில வளர்ற கிருமிப்பா இது. உங்க மாமாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"கம்பெனியில மெஷினுக்குத் தண்ணியைக் குளிர வைக்கிற கூலிங் டவர் கழுவுறது சார். கூட அன்புமணின்னு ஒருத்தர். அவருக்கும் ரெண்டு நாளா காய்ச்சலு."

"போன் போடு. உடனே வரச் சொல்லு."

புது மருந்து ஏறியது. ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது.

வியாழக்கிழமை மாலை கோவிந்தப்பனின் ஆக்ஸிஜன் தொண்ணூற்று நான்கு. புதிதாக வரவழைத்த கிட்டில் அன்புமணிக்கும் அதே கிருமிதான் என்று தெரிந்தது; அவர் மாத்திரையிலேயே குணமானார். கம்பெனி டவரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, குளோரின் போட்டுக் கழுவியது. பத்தாம் நாள் கோவிந்தப்பன் வீட்டுக்குப் போனார்.