எத்தனை விரல், டுவேன்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிப்ரவரி மாதம், கொலராடோ மலைமேல், பனிச்சறுக்குக்காரர்களைக் கம்பியில் தொங்கவிட்டு மேலே ஏற்றும் லிஃப்ட் நாற்காலியில் கால் தொங்கப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன நாற்காலியில் ஓர் அம்மாள் கையுறையைக் கழற்றினாள். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றுகிறவர்கள் இரண்டே வகை. மூக்கு சிந்துகிறவர்கள், பைத்தியங்கள். அவள் மூக்கு சிந்தவில்லை. வெறுங்கையைப் பக்கத்தில் இருந்தவரின் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், அவருடைய இடது காதருகே நிறுத்தி, ஒரு விரலை நீட்டினாள்.

"என்ன பண்றாங்க அவங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கண் டாக்டர்; கண் டாக்டர்கள் மாநாட்டுக்குத்தான் வந்திருந்தோம்.

"ஓரப்பார்வை இருக்கான்னு பாக்குறாங்க. எத்தனை விரல்னு கேப்பாங்க."

"மலை மேலயா?"

"மலை மேல மாநாடு வச்சா அங்கதான பாக்கணும்?"

நான் பார்த்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னும் ஒன்று பார்த்தேன், அதை அதன் இடத்தில் சொல்கிறேன். பெயர், ஊர், பேச்சு எல்லாம் நான் கட்டியது. முன் நாற்காலிப் பேச்சு பின் நாற்காலிக்குக் கேட்காது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். பனிமலையில் பனி பெய்வதைச் சொல்ல ஓர் எழுத்தாளர் எதற்கு?

இரண்டாவது தொடக்கம்: "டுவேன் ஹோவ்லண்டுக்கு இந்த உலகத்தில் பிடித்தவை மூன்று. மனைவி ஆர்லிஸ், பனிச்சறுக்கு, பிறகு" — இங்கேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் யோசித்தும் மூன்றாவது அகப்படவில்லை. மனுஷருக்கு இரண்டுதான் போலிருக்கிறது.

மூன்றாவது தொடக்கம் பரவாயில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்:

காலை ஆறரை மணி. ஹோட்டல் மண்டபத்தில் இருநூறு கண் டாக்டர்கள் சறுக்குக் கால்சட்டையோடு உட்கார்ந்து முட்டைப் பொரியல் சாப்பிடுகிறார்கள். திரையில் சீழ் பிடித்த கண் ஒன்று ஆளுயரத்துக்குத் தெரிகிறது. யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் முட்டை இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். எட்டரைக்கு வகுப்பு முடியும். ஒன்பதுக்கு லிஃப்ட் திறக்கும். நாலு மணிக்குத் திரும்பவும் வகுப்பு, ஆறு வரை.

(இவர்களின் உரிமம் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் படித்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். கதவருகே நின்று கழுத்து அட்டையைக் கருவியால் தொட்டு 'பீப்' அடிப்பது நான்தான். என் வீட்டுக்காரர் படிக்க வருகிறார், நான் சும்மா இருப்பானேன் என்று ஆறு வருடமாய் இந்த வேலை. புதுப்பனி கொட்டிய நாளில் வகுப்பு முடியுமுன் நழுவுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பால் குடித்த பூனைகள்.)

3

டுவேனும் ஆர்லிஸும் வடக்கு டகோட்டாக்காரர்கள். அவர்கள் ஊரில் மேடு என்றால் ரயில்பாதைதான். முப்பத்தோரு வருடமாக ஒரே பெயர்ப்பலகை, இரண்டு அறை, இரண்டு டாக்டர். அவருக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்திரண்டு. (அவரை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதுவது மரியாதைக் குறைவால் இல்லை. அவள் எனக்கு நெருக்கமாகிவிட்டாள்.) வருடம் ஒரே வாரம் விடுமுறை. அந்த வாரத்துக்கு ஆர்லிஸ் உருளைக்கிழங்கு லெஃப்ஸ ரொட்டி சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிக் கொண்டுவருவாள். லிஃப்டில் போகும்போது ஆளுக்கு ஒன்று.

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர்கள் தங்கள் கண்ணை எங்கே காட்டுவார்கள்? இங்கேதான். மாநாட்டின் கடைசி நாள் மாலை, வகுப்புக்குப் பதிலாக நடக்கும் கருவி விற்கிறவர்களின் கண்காட்சியில், புதுக் கருவிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். உட்கார்ந்து தாடையை வைத்தால் உங்கள் கண்ணும் அதன் உள்ளிருக்கும் நரம்பும் உங்களுக்குப் பின்னாலிருக்கும் பெரிய திரையில் தெரியும். பத்துப் பேர் சுற்றி நின்று, "அழகான நரம்பு, டுவேன்! விக்கிறதா இருந்தா சொல்லு!" என்று கிண்டலடிப்பார்கள். அதுதான் அவர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை. என் வீட்டுக்காரருக்கும் அதேதான். விளக்குக்கு அடியில் இருட்டு.

போன வருடம் டுவேன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. "வரிசை பெருசா இருக்கு" என்றார். அதற்கு முந்தைய வருடம் பசிக்கிறது என்றார். ஆர்லிஸ் கவனிக்கவில்லை. வேறு நேரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

4

இந்த வருடம் அவர் பின்னால் வந்தார்.

அதுதான் முதலில் அவளுக்கு உறுத்தியது. முப்பது வருடமாக முன்னால் பாய்ந்து, கீழே போய் நின்று, "என்ன, வழியில தூங்கிட்டியா?" என்று கேட்கிற ஆள். இப்போது, "நீ முன்னாடி போ ஆர்லிஸ், நான் உன் பின்னாடியே வரேன்" என்கிறார்.

"என்ன திடீர் மரியாதை?"

"வயசாயிடுச்சு. பின்னாடியிருந்து பாத்தா நீ அழகா இருக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததால் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள், சரிவின் பாதியில், சறுக்குப் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஆசிரியைக்குப் பின்னால் வாத்துக்குஞ்சு மாதிரி இடது பக்கமிருந்து வந்தார்கள். நல்ல வெயில், பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடைகள். குருடனுக்கும் தெரியும் — இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம். டுவேன் வேகத்தைக் குறைக்கவேயில்லை. "டுவேன்!" என்று ஆர்லிஸ் போட்ட சத்தத்தில் திரும்பி, விழுந்து, கடைசிப் பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"உஃப்டா" என்றார், பனியைத் தட்டிக்கொண்டு. அவர்கள் ஊர் 'அடேயப்பா'. "எங்கேருந்து வந்தாங்க இவங்க?"

ஆர்லிஸுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. இதே கேள்வியை, இதே குரலில், கார் இடித்துவிட்டு வரும் நோயாளிகள் அவள் அறையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

5

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"நம்புற மாதிரி இல்ல" என்றார். "கண் டாக்டருக்குத் தன் பார்வை போறது தெரியாதா? தெரிஞ்சா மறைப்பானா? அதுவும் இன்னொரு கண் டாக்டர்கிட்ட?"

"நீங்க கடைசியா எப்பக் கண்ணு காமிச்சீங்க?"

எழுந்து காபி போடப் போய்விட்டார். ஆகவே டுவேனை அப்படியே விட்டிருக்கிறேன்.

(நோயின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் கதையை வைத்துவிட்டு போனில் தேடப் போவீர்கள். இடது ஓரம் போய்விட்டது. போனது வராது. இப்போதே வைத்தியம் பார்த்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இவ்வளவு போதும்.)

6

மறுநாள் மதியம். அதுதான் கடைசி நாள். லிஃப்ட் பாதியில் நின்றது. மேலே யாரோ இறங்கத் தெரியாமல் விழுந்திருப்பார்கள். நாற்காலி காற்றில் லேசாக ஆடியது. இன்றும் டுவேன் அவளுக்கு இடப்பக்கம். மூன்று நாளாய் அந்தப் பக்கம்தான் கேட்டு உட்காருகிறார் என்பது அவளுக்கு இப்போது உறைத்தது. அவள் அவருடைய வலதில் இருந்தால்தான் அவருக்குத் தெரிவாள்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"அந்தக் கம்பத்தையே பாரு."

"எதுக்கு?"

"பாருன்னா பாரு."

டுவேனுக்குப் புரிந்துவிட்டது. இதைப் பல்லாயிரம் பேருக்குச் செய்தவர். "லஞ்ச் நேரத்துல நான் நோயாளி பாக்கறதில்ல டாக்டர்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் கம்பத்தைப் பார்த்தார்.

முதலில் வலது பக்கம். "எத்தனை விரல்?"

"ரெண்டு."

சரி. கையைப் பின்னால் சுற்றி இடது பக்கம் கொண்டுபோனாள். "இப்ப?"

"ஒண்ணு."

சரிதான். அவளுக்கு மூச்சு வந்தது. தேவையில்லாமல் பயந்துவிட்டோம் என்று நினைத்தாள். கொஞ்சம் அழுகைகூட வந்தது. கையை இழுத்து அவர் முதுகுக்குப் பின்னால், நாற்காலிக் கம்பிமேல் வைத்தாள். ஏதோ உந்துதலில், அல்லது முப்பத்தோரு வருடப் பழக்கத்தில், வாய் தானாகக் கேட்டது.

"இப்ப?"

"அஞ்சு" என்றார் டுவேன், தயங்காமல்.

நான் பார்த்த இன்னொன்று என்று சொன்னேனே, அது இதுதான். மூன்றாவது தடவை அந்தக் கை உயரவில்லை. பின்னாலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. குளிரில் சிவந்துபோன வெறுங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

ஆர்லிஸ் எல்லோருக்கும் இதே வரிசையில்தான் காட்டுவாள். இரண்டு, ஒன்று, ஐந்து. பக்கத்து அறையில் உட்கார்ந்து முப்பத்தோரு வருடமாக நோயாளிகளின் பதிலைக் கேட்டவருக்குக் கண் எதற்கு?

7

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம். இந்த அக்டோபர்ல ரொம்பப் போயிடுச்சு. நீ வீட்டுக்குப் போனப்புறம் நம்ம மெஷின்லயே பாத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?"

"சொன்னா நீ டாக்டர் ஆயிடுவ. எனக்கு நீ ஆர்லிஸா வேணும்."

"முட்டாள். நான் ரெண்டுமாத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்."

"நம்ம ஊர்ல கார் ஓட்ட முடியாதவன் என்ன பண்ணுவான், சொல்லு?"

"பக்கத்து சீட்டுல உக்காந்து எனக்குத் தப்புத் தப்பா வழி சொல்லுவான்."

லிஃப்ட் கிளம்பியது. டுவேன் தன் கையுறையைத் தளர்த்தி, அவளுடைய விறைத்த கையைப் பிடித்து உள்ளே திணித்துக்கொண்டார். (இதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கை எங்கேயாவது சூடாகத்தான் வேண்டும், எனக்கு மனசு கேட்கவில்லை.)

"இன்னிக்கு சாயங்காலம் அந்த நாற்காலில உக்காரணும். எல்லாருக்கும் தெரியட்டும். சியாட்டில் டாக்டர், பாடம் எடுத்தாங்களே, அவங்களும் அங்க இருப்பாங்க. காட்டிடலாம்."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம் ஆர்லிஸ்."

"நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓட்டணும். முதல் பாதி யாரு ஓட்டறது? நீயா?"



8

முடிவுகள்.

அ. டுவேன் உட்காருகிறார். திரையில் அவருடைய கண் விரிகிறது. கிண்டலடிக்கக் கூடிய பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடுகிறார்கள். இருநூறு கண் டாக்டர்களிடம் ஒரு கண் மாட்டினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு சொட்டு மருந்து, ஐந்து பேர் அழுகை. நல்ல முடிவு. ஆனால் எழுதும்போது டுவேன் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நின்றுவிடுகிறார். நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஆ. உட்காரவில்லை. மறுநாள் ஆர்லிஸ் பதினாலு மணி நேரமும் தானே ஓட்டுகிறாள். வயோமிங் தாண்டும்போது அவர்

இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆக, இப்போது மணி ஐந்தே முக்கால். ஆறுக்குக் கண்காட்சி மூடிவிடும். நான் கருவியோடு கதவருகே நிற்கிறேன். நாற்காலி காலியாக இருக்கிறது. வரிசையே இல்லை. டுவேன் வாசல்படியில் நின்று, "வரிசை பெருசா இருக்கு" என்கிறார். ஆர்லிஸ் அவருடைய வலது கையைப் பிடித்திருக்கிறாள். இழுக்கவில்லை. இழுத்தால் வருகிற ஆள் இல்லை அவர். அவள் கேட்டும் பயனில்லை, அவள் வரிசை அவருக்கு மனப்பாடம். என்னையும் ஆறு வருடமாகத் தெரியும், சிரித்து மழுப்பிவிடுவார்.

நீங்கள் புதியவர். கொஞ்சம் உள்ளே வாருங்கள். அட்டை வேண்டாம், நான் பீப் அடிக்கவில்லை. அவருடைய இடது பக்கமாகப் போய் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. இப்போது கையைத் தூக்குங்கள்.

எத்தனை விரல் என்று அவரைக் கேளுங்கள். உங்கள் பழக்கம் அவருக்குத் தெரியாது.