வலிக்கு முன்னால் ஒரு மாத்திரை

"சாய்க்காதீங்க! நேரா புடிங்க! லிஃப்ட்டோட பின்பக்கத் தகட்டுல ஒரு பூட்டு இருக்கு. அதைத் திறந்தா ஆள் நீளத்துக்கு இடம் வரும்!"

அழவேண்டிய மனைவிதான் இப்படி அதட்டினாள். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரின் சவப்பெட்டி, அவரே பார்த்துப் பார்த்துப் பராமரித்த லிஃப்ட்டுக்குள் நுழைய மறுத்து, ஐந்தாம் மாடியில் நாலு பேர் முதுகைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சாவியை நீட்டினாள். தகடு திறந்தது. பெட்டி, மாமனார் வீட்டுக்குள் மாப்பிள்ளை போவதுபோல மிடுக்காக உள்ளே போனது. தூக்கியவர்களில் ஒருவர் கைதட்டவே போய்விட்டார். பக்கத்திலிருந்தவர் இடித்து அடக்கினார்.

"தலைக்குக் கரண்ட் வச்சதுல இவளுக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னாங்களே?" என்று ஒரு சித்தி கிசுகிசுத்தது மூன்றாம் மாடிவரை கேட்டது.

"எல்லாம் இல்ல சித்தி. உங்க கல்யாணத்துக்கு வந்தது மட்டும்தான் மறந்திருக்கு," என்றாள் அவள்.

எல்லாம் முடிந்து வீடு காலியானபோது, கணவரின் அக்கா மட்டும் இருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதியைச் சாலையோரம் தெறித்து ஓடவைத்தவர்.

"பையை எடு. என் வீட்டுக்குப் போறோம்."

"நாளன்னைக்கு எனக்கு ட்ரீட்மெண்ட் இருக்கு அண்ணி. டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், வரச்சொல்லிட்டார்."

"தம்பி போய் மூச்சுவிடக்கூட நேரமாகல, இவளுக்குக் கரண்ட் கேக்குது! ஒரு தடவை விட்டா குடி முழுகிடுமா?"

 ஒருகாலத்தில் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் அவள். சோறு, தண்ணீர், பேச்சு எல்லாவற்றோடும் காய் விட்டிருந்தாள். மருந்துக்கடையையே விழுங்கியும் அசையவில்லை. பிறகு மயக்க மருந்து கொடுத்துத் தலைக்கு மின்சாரம் வைத்தார்கள். சில வாரத்தில் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை இல்லையென்று சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டையைத் திரும்பக் கேட்கும் ஆசையில் கணவர் மறுநாளும் சர்க்கரை போடவில்லை. நோய் திரும்பாதிருக்க அவ்வப்போது போய்வரச் சொன்னார்கள். நடுவில் ஒருமுறை தவறவிட்டபோது, சுவர் அவளை மறுபடி கூப்பிட்டது.

"எனக்கு அவருக்காக அழணும் அண்ணி," என்றாள். "திரும்பச் சுவரைப் பாத்துப் படுத்துட்டேன்னா அழக்கூட வராது."

அண்ணி கைப்பையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நாளன்னைக்குக் காலையில எப்ப கிளம்பணும்?"

அந்த நாள் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு வலி மாத்திரையையும் ஒரே மடக்குத் தண்ணீரையும் நீட்டினார்.

"தலைவலி வரவே இல்லையே, அதுக்குள்ள மாத்திரையா?" என்றார் அண்ணி.

"வந்த பிறகு குடுத்தா கேக்காதும்மா. டாக்டர் சொல்லித்தான் முன்னாடியே குடுக்கிறோம்."

"முதல்ல எல்லாம் முழிச்சதும் தலைக்குள்ள லாரி லாரியா ஜல்லி கொட்டும் அண்ணி. அவர்தான் டாக்டரைக் கேள்வி கேட்டுக் குடைஞ்சு எடுத்து இதைச் செய்யவச்சார். டாக்டர் அவரைக் கண்டாலே வேற மாடிக்கு ஓடுவார்."

அவள் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்தாள். "சுண்டுவிரல்ல ஒரு பொட்டு வைங்க. முழிச்சதும் மாத்திரை போட்டதே ஞாபகம் இருக்காது. ஒருநாள் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுக்கிட்டேன். அன்னைலேர்ந்து அவர், லிஃப்ட்டுல இறுக்கி முடிச்ச நட்டுக்கு அடையாளமாச் சிவப்பு வைக்கிற மாதிரி எனக்கும் வச்சுட்டார்."

"சுண்டுவிரல் மட்டும்தான் உங்களுக்கு," என்றார் நர்ஸ். "நாடி பாக்குற கிளிப் மாட்ட மத்த விரலெல்லாம் எங்களுக்கு வேணும்."

அண்ணி பிரஷ்ஷை நகத்தில் வைத்தார்.

"இன்னொண்ணு அண்ணி. முழிச்சதும் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியாது. அவர் எங்கேன்னு கேப்பேன்."

பிரஷ் நகத்தைத் தாண்டி விரல் கணு வரை ஓடியது.

விழித்தபோது வெள்ளைக் கூரை தெரிந்தது. பக்கத்தில் ஒரு முகம். யாரென்பது மெதுவாக, ஆனால் சரியாக வந்து சேர்ந்தது. தலையில் லேசான பாரம். லாரி ஒன்றுகூட வரவில்லை. இப்படி ஒரு காலையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. டாக்டர், நர்ஸ், மாத்திரை செய்தவன், அதைப் பெட்டிபெட்டியாக ஏற்றிவந்தவன் வரைக்கும். கையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"இவ்ளோ அசிங்கமா யார் அண்ணி வச்சது?"

"நான்தான்."

"அவர் வச்சா ஓரம் தாண்டாது. எங்கே அவரு? கீழ டாக்டரைத் துரத்திக்கிட்டிருக்காரா?"

அண்ணி நாற்காலியை நெருக்கி இழுத்துப்போட்டார். அந்தச் சிவப்பு விரலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"தலை வலிக்குதா?"

"இல்ல அண்ணி. கொஞ்சம்கூட இல்ல."

"அப்ப முதல்ல தண்ணி குடி. மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் குடித்து முடித்தாள். அண்ணி தம்ளரை வாங்கி, மறுபடியும் விளிம்புவரை நிரப்பினார்.