ஜோடி தொலைந்த சாக்ஸ்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வெயிலில் ஓட்டுகிறவருக்கு ஒரு கூலிங் கிளாஸ் போதாதா? ஐந்து வைத்திருந்தார். உச்சி வெயிலுக்குக் கறுப்பு, மழை மேகத்துக்கு மஞ்சள், கல்யாணத்துக்குப் போக தங்கக் கம்பி போட்டது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினார். ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செருகி, அலமாரியின் மேல்தட்டில் அடுக்குவார். தப்பித்தவறி நான் ஒன்றைக் குப்புற வைத்துவிட்டால் போதும், வீடு இரண்டாகிவிடும்.

போன வருஷம் சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்ணையும் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் தங்கை இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறாள்.

"அவ என் கண்ணப் பாக்க வேணாம். அந்த சாக்ஸ எல்லாம் எடு" என்றார்.

எடுத்து அவர் மடியில் வைத்தேன். சாக்ஸோடு தடவியே, "இது மஞ்ச... இது கல்யாணத்துக்கு..." என்று ஒதுக்கிவிட்டு, கறுப்பை உருவி மாட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கா?"

"எதப் போட்டா என்ன, இப்ப எல்லாம் ஒண்ணுதானே" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது.

வாசலில் மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"தூசி படிஞ்சிருக்கும். தொடச்சுக் குடு."

சாக்ஸாலேயே துடைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ம்... இப்பத்தான் பளிச்சுனு இருக்கு."