அணைந்துபோன சிவப்புப் புள்ளி

எல்டனைச் சுட்டவனுக்கு நாற்பது வருடம் சிறை கொடுத்தார்கள். அவனைப் பற்றி லவோன் ஸ்ட்ராட்டன் அதன்பிறகு யோசித்ததே இல்லை. அவள் யோசித்ததெல்லாம் ராண்டல் பீச்சமைப் பற்றி. காலையில் காப்பி போடும்போது, வண்டி ஓட்டும்போது, தம்பி எல்டனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது, ராண்டல் நினைப்புதான். ராண்டல் யாரையும் சுடவில்லை. அவன் ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தான், அவ்வளவுதான்.

லவோனும் எல்டனும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அந்த மூலையில் நாற்பது மைல் சுற்றளவுக்கு இருந்த ஒரே இழுவை வண்டிக்காரர்கள். பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த கார்களைச் சங்கிலி போட்டு மேலே இழுப்பது அவர்கள் பிழைப்பு. ஆளில்லாத சாலையில் முன்பின் தெரியாதவர்களிடம் போய் நிற்கிற வேலை என்பதால் லவோன் இடுப்பில் எப்போதும் ஒரு பிஸ்டல் இருக்கும். அந்த டிசம்பரில் ராண்டல் அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தான். அதற்குள் பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும்.

"அப்ப குறி பாக்கறதுக்குக் குழாய் மேல இருந்த பழைய குறிமுள்ளு?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் குதிரைவண்டிக் காலத்துச் சாமான்மா. ரெண்டையும் சீவி எடுத்துட்டேன். இது அஞ்சு வருஷம் அணையாது. என் பொண்டாட்டி பிஸ்டல்லயே மாட்டிக் கொடுப்பேன்னா பாத்துக்கோயேன்."

லவோன் தினமும் காலையில் புள்ளி எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஜனவரி பதினேழாம் தேதியும் பார்த்தாள். எரிந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பள்ளத்தில் கிடந்த ஒரு நீலக் காருக்கு எல்டன் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அது திருட்டுக் கார் என்று அவர்களுக்குத் தெரியாது. பின்சீட்டில் படுத்திருந்தவன் கதவைத் திறந்துகொண்டு துப்பாக்கியோடு எழுந்தான். பன்னிரண்டு தப்படி தூரத்தில் நின்ற லவோன் பிஸ்டலை உருவி நீட்டினாள். கண்ணாடிக்குள் பனிவெளி தெரிந்தது. நீலக் கார் தெரிந்தது. புள்ளி இல்லை.

எல்டனின் தோளுக்கும் அந்த ஆளின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். குத்துமதிப்பாகச் சுட்டால் தம்பி மேல் பட்டுவிடும். அவள் கையைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். அதற்குள் அவன் எல்டன் முதுகில் இரண்டு முறை சுட்டுவிட்டு, அவர்களுடைய வண்டியிலேயே ஏறிப் போய்விட்டான்.

எல்டன் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்த நாள் நடந்தது. வட்டாரப் போலீஸ் அதிகாரி ஷெரிப்பின் அலுவலகத்தில் பிஸ்டலை மேசைமேல் வைத்துப் பார்த்தபோது, புள்ளி ஒன்றும் நடக்காததுபோல ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் என்று ராண்டலைக் கூப்பிட்டார்கள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரிதாபமாக உச்சுக்கொட்டினான்.

"சாமான்ல ஒரு குறையும் இல்ல சார். பாவம், பயத்துல கண்ணு இருட்டியிருக்கும். பொம்பளைங்களுக்கு மட்டும் இல்ல, பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஆகும்."

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. சாப்பாட்டுக் கடையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் குரல் தாழும். தேவாலயத்தில் கிழவிகள் அவள் கையைத் தடவிக்கொடுத்து, "உன்மேல தப்பில்லடி கண்ணு" என்றார்கள். தப்பு அவள்மேல்தான் என்று அதற்கு அர்த்தம். லவோனும் கொஞ்ச நாளில் அதை நம்பத் தொடங்கினாள். புள்ளி அங்கேயேதான் இருந்ததோ, தனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்து நினைத்து, எல்டன் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

ஏப்ரலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ட்ரூடியின் கார் நடுவழியில் நின்றது. அதை இழுத்துவரப் போன லவோனின் பக்கத்து இருக்கையில் ட்ரூடி ஏறி உட்கார்ந்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "நீ தப்பா எடுத்துக்கலன்னா ஒண்ணு கேக்கறேன். உன் பிஸ்டல்ல இருந்த கண்ணாடி ராண்டல் கடையில வாங்கினதா?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"என்கிட்டயும் அதே கண்ணாடி இருந்துச்சு. வண்டி குலுங்கினா அணையும், இன்னொரு தடவ குலுங்கினா எரியும். அக்டோபர்லயே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். 'இந்தக் குறையைச் சொல்ற முத ஆளே நீதாம்மா'ன்னு சொல்லிப் பணத்தத் திருப்பிக் கொடுத்தான்."

லவோன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "ரசீது இருக்கா?"

ரசீது இருந்தது. கண்ணாடியின் அடியில் பொறித்திருந்த எண்ணும் அதில் இருந்தது. அன்று மாலை லவோன் தன் கண்ணாடியின் திருகைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தாள். அதே எண். ட்ரூடி திருப்பிக் கொடுத்த அதே கண்ணாடியைத்தான் ராண்டல் துடைத்து, புது டப்பாவில் போட்டு, இரண்டு மாதம் கழித்து அவளுக்கு விற்றிருந்தான். அடியில் பேட்டரியை அழுத்திப் பிடிக்கவேண்டிய மெல்லிய தகடு தொளதொளவென்று இருந்தது.

அவள் தம்பியின் மடியில் அதை வைத்தாள். எல்டன் அந்தத் தகட்டை நகத்தால் ஆட்டிப் பார்த்தான்.

"நேராப் போய் அவன் மூஞ்சியப் பேத்துடலாமா?" என்றான். "எனக்கு மூஞ்சி எட்டாது. முட்டிய நான் பாத்துக்கறேன்."

லவோன் சிரிக்கவில்லை. "மூஞ்சி பேந்தா ஒரு வாரத்துல ஆறிடும். எனக்கு ஆறாதது வேணும்."

கோடை முழுக்க அவள் விசாரித்தாள். இழுவை வண்டிக்காரிக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஹாலிஸ் அகப்பட்டார். ஒரு பல் டாக்டர் அகப்பட்டார். ட்ரூடியோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் டிசம்பருக்கு முன்பே கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தவர்கள். ஆறு பேரிடமும் அவன் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தான். வக்கீலிடம் போகலாம் என்றார் ஹாலிஸ். போகலாம், ஆனால் முதலில் ஊர் கேட்கட்டும் என்றாள் லவோன்.

நவம்பரில் சமூகக் கூடத்தில் ராண்டல் வருடாவருடம் துப்பாக்கி பற்றி இலவச வகுப்பு எடுப்பான். காலை பதினொரு மணிக்கு இருநூறு நாற்காலியும் நிரம்பிவிடும். அன்றும் நிரம்பியிருந்தது. ராண்டல் அரைமணி நேரம் அழகாகப் பேசினான். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றதும் லவோன் எழுந்தாள். நேராக அவன் மேசைக்கு நடந்தாள்.

"இதப் பாருங்க ராண்டல்," என்று கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தாள். புள்ளி எரிந்தது. விரல் முட்டியால் மேசையைத் தட்டினாள். அணைந்தது. மறுபடி தட்டினாள். எரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ராண்டல் முகம் மாறாமல், "அடடா. இந்தக் குறையைச் சொல்ற முத ஆளே நீதாம்மா" என்றான்.

மூன்றாவது வரிசையில் ட்ரூடி எழுந்தாள். "என்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க. போன வருஷம் அக்டோபர்ல. அந்த மேசைல கிடக்கிறது என்னோடது. எண்ணு என் ரசீதுல இருக்கு."

ஹாலிஸ் எழுந்தார். "என்கிட்ட அதுக்கும் முன்னாடி, ஆகஸ்ட்ல சொன்னே."

பல் டாக்டர் எழுந்தார். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். ராண்டலின் கழுத்து சிவந்தது. "கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டேன்னுட்டான், நான் என்ன பண்றது? எப்பவாவது அணையும்தான். ஆனா மத்தபடி நல்ல சாமான். நானே அதைத்தான் வச்சிருக்கேன்."

அப்போதுதான் வரிசைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் இருந்த எல்டன் வாயைத் திறந்தான்.

"இல்லியே."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்த நாற்காலில உக்காந்ததுலருந்து எனக்கு ஊர்ல யார் மூஞ்சியும் தெரியறதில்ல, எல்லார் இடுப்பும்தான் தெரியுது. நீங்க உள்ள வரும்போது என்னைத் தாண்டித்தான் போனீங்க. கோட்டு விலகிச்சு. உங்க பிஸ்டல்ல இருக்கிறது வேற கண்ணாடி. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு இரும்புக் குறிமுள்ளும் நல்ல உசரமா நிக்குது. எடுத்துக் காட்டுங்களேன், பாப்போம்."

ராண்டல் கோட்டின் பித்தானைப் போட்டான். அதைவிட வேறு பதில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஹாலிஸ் மெதுவாக, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்ப உனக்குத் தெரியும்" என்றார். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வெளியேறினான். பிறகு இன்னொருவன். இருநூறு நாற்காலிகள் மடங்கும் சத்தத்தை லவோன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பத்து மாதத்தில் முதல் முறையாக அவள் நெஞ்சுக்குள் காற்று முழுசாகப் போய் வந்தது.

கடைக்கு ஆள் வருவது நின்றது. மார்ச்சில் கடைக் கதவில் பூட்டுத் தொங்கியது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, ஒரு மதியம் அவனே லவோன் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"எல்டன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன் லவோன்."

"அவன்கிட்ட அப்புறம் கேளு. ஷெரிப்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"

அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"சொல்லு."

"பயத்துல... கண்ணு இருட்டிடுச்சுன்னு."

"அதை ஊர் பூரா நம்பிச்சு. நானே நம்பினேன், தெரியுமா? என் தம்பி காலை நான்தான் எடுத்தேன்னு தினம் நினைச்சேன். நீ என்ன பண்றே, ஒவ்வொரு வீடாப் போறே. கதவத் தட்டறே. 'அவ பயப்படல, புள்ளி அணைஞ்சிருந்துச்சு, எனக்கு முன்னாடியே தெரியும்'னு உன் வாயால சொல்றே. எந்தெந்த வீடுன்னு நான் எழுதித் தரேன்."

செய்யமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். செய்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் கதவைத் தட்டினான். லவோன் இழுவை வண்டியை அவன் காருக்குப் பின்னாலேயே ஓட்டிப்போய், தெருவோரம் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவன் ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த மூன்று வரியையும் சொல்வதைக் கேட்டாள். குரல் தாழ்ந்தால் ஹாரனை ஒரு தட்டு தட்டுவாள். அவன் உரக்கச் சொல்வான்.

மூன்றாம் நாள் எல்டனும் கூட வந்தான். ஒரு வாசலில் ராண்டல் பேச முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். கதவைத் திறந்த கிழவி என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

எல்டன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "போதும்க்கா. விட்டுடு. எனக்கே பாக்கச் சகிக்கல."

லவோன் மடியில் இருந்த காகிதத்தை எடுத்து, அந்த வீட்டை அடித்தாள்.

"இன்னும் பதினோரு வீடு இருக்குடா," என்று சொல்லி, ஹாரனைத் தட்டினாள்.