நாற்பதுக்கு ஒன்று

அறுபத்தொரு வயதில் ஒரு மனிதர் முடிவு செய்ய என்ன இருக்கிறது? முழங்காலுக்கு எந்தத் தைலம், படிக்கிற கண்ணாடிக்கு எந்தப் பவர், அவ்வளவுதான் என்று ஊர் நினைக்கிறது. கண்ணாடிக்காரர் முடிவு செய்ய வேண்டியிருந்தது டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்பதை. அதையும் சனிக்கிழமைக்குள்.

ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். மண்மேட்டில் பைக்கைத் தாவவிட்டுச் சேற்றில் இறக்கி ஓட்டும் மோட்டோகிராஸ் அவருடைய கிறுக்கு. முப்பது வருடமாக அந்தக் கிறுக்குக்குக் கூட்டாளி அவருடைய தங்கையின் கணவர். கல்யாணத்துக்கு முன்பே நண்பர், பிறகு மச்சான். பள்ளிக்கூட லேபில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். ஒரு செருப்புதான் மாட்டியிருந்தார்.

கண்ணாடிக்காரர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். யார் யாருக்குச் சொல்லவில்லை என்று பட்டியல் பார்த்து போன் செய்தார். மறுநாள் கடையைத் திறந்து ஒரு குளியலறைக் கதவுக்குக் கண்ணாடி வெட்டினார். வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அதைப் பார்த்தபோது தன் மேலேயே அவருக்குக் கொஞ்சம் வெறுப்பு வந்தது.

தங்கை அதைக் கவனிக்காமல் இல்லை. எல்லோரும் போன பிறகு சொன்னாள்.

"உனக்குக் கல்லு மனசுண்ணே. முப்பது வருஷம் ஒண்ணா சுத்தினவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியல உன்னால."

அவரும் காத்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எட்டு மாதம் பார்த்துவிட்டார். ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. கடித்துப் பார்த்தாலும் வலிக்கவில்லை. அன்றிலிருந்து தங்கை அவரோடு அளந்துதான் பேசினாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள், அதுவும் போனில்.

இப்போது அவள் வீட்டுப் பின்பக்க ஷெட்டை ஒரு தையல் வகுப்புக்கு வாடகைக்கு விடப்போகிறாள். உள்ளே இரண்டு பைக் நிற்கின்றன. ஒன்று மச்சானின் டூ-ஸ்ட்ரோக். மற்றொன்று கண்ணாடிக்காரர் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, மூன்று வருடம் முன்பு வாங்கிய ஃபோர்-ஸ்ட்ரோக். கடைக்குப் பின்னால், கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே, ஒரு பைக்குக்குத்தான் இடம் உண்டு. மற்றதை வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார்.

"எது வேணும்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் தங்கை.

ஒன்றுதான் என்று அவள் சொன்ன விதத்திலேயே ஒன்றில்லை என்பது தெரிந்தது. மச்சானின் வண்டியைக் கண் இமைக்காமல் கைகழுவினால், கல்லு மனசு என்பது உறுதியாகிவிடும். அப்புறம் அந்தப் போனும் வராது. அவருக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்காகப் பிடிக்காத வண்டியைக் கட்டிக்கொண்டு அழவும் முடியாதே. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பட்டனை அமுக்கினால் போதும், வண்டி கிளம்பிவிடும். இழுவை பதமாக வரும். டூ-ஸ்ட்ரோக் எடையில் குறைவு, குணத்தில் கோபக்காரன். காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். ஆபரேஷன் ஆன கால்தான் உதைக்கிற கால். பட்டன் வண்டி வாங்கி வந்த அன்று மச்சான் அதை இரண்டு தரம் சுற்றி வந்து, "தையல் மெஷின் நல்லா இருக்கு. தங்கச்சிக்கு வாங்கினியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் தனியாக அதன் வயிற்றுக்குள் இருக்கும். டேங்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், நாற்பது பங்குக்கு ஒரு பங்கு. இல்லாவிட்டால் உள்ளே வழவழப்பு இல்லாமல் இன்ஜின் தன்னைத்தானே தின்றுவிடும். அந்த ஆயில் எரிகிற புகைதான் டூ-ஸ்ட்ரோக்கின் அடையாளம். இரண்டு பேரும் டூ-ஸ்ட்ரோக் ஓட்டிய காலம் முழுக்க, இரண்டு வண்டிக்கும் மச்சான்தான் கலப்பார். லேபில் வாய் விண்டுபோனதென்று ஒதுக்கிய ஒரு கண்ணாடி அளவுக் குவளை வைத்திருந்தார். ஐந்து லிட்டர் கேனுக்கு நூற்றிருபத்தைந்து மில்லி. மண்டிபோட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார். கிட்டே போனால் எரிந்து விழுவார்.

"நீ கண்ணாடி வெட்டு. கலக்கறது என் வேலை."

சனிக்கிழமை காலை கண்ணாடிக்காரர் ஷெட்டைத் திறந்தார். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்பது அவர் திட்டம். ஓட்டினாலாவது உள்ளே ஏதாவது அசையுமா என்று ஒரு நப்பாசையும் இருந்தது. மச்சானின் கேனிலும் டேங்கிலும் எட்டு மாதத்துப் பெட்ரோல் கிடந்தது. பழைய பெட்ரோல் வண்டிக்கு ஆகாது. இரண்டையும் வடித்து, பிரஷ் கழுவ ஆகுமென்று பக்கத்து வீட்டுப் பெயிண்டரிடம் கொடுத்தார். மச்சானின் வண்டியைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு, ட்ராக்குக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்கில் அதே கேனில் புதிதாக ஐந்து லிட்டர் பிடித்தார். மூடியைத் திறந்தபோது ஆயில் வாசனை குப்பென்று வந்தது. எத்தனை வருடமாக ஊறிய வாசனை! மச்சானின் கேன், மச்சானின் வாசனை, எல்லாம் இருக்க வேண்டிய மாதிரிதான் இருந்தது. மூடியைத் திருகி வேனில் வைத்தார்.

ட்ராக்கில் பல் டாக்டர் மட்டும்தான் வந்திருந்தார். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கான பிரிவில் ஓட்டுகிறவர். அந்தப் பிரிவை அவர்களே தாத்தா கிளாஸ் என்றுதான் சொல்வார்கள். ஆள் ஃபோர்-ஸ்ட்ரோக் கட்சி. வாய் ஓயாது. வாய்க்குள் கை விட்டுப் பிழைக்கிறவருக்கு மற்றவர்கள் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"எதுக்குண்ணே ரிஸ்க்? இந்த வயசுல உதைச்சு உதைச்சு இருக்கிற காலையும் கெடுத்துக்கப் போறீங்க. அது திடீர்னு சீறும். நம்ம இடுப்பு தாங்குமா?"

"எடை குறைச்சல்ல?"

"குறைச்சல்தான். விழுந்தா தூக்க சுலபம். விழாம இருக்கறது அதைவிட சுலபம்."

கண்ணாடிக்காரர் டேங்கை நிரப்பினார். உதைத்தார். மூன்று உதைக்கு முழங்கால் மட்டும்தான் பேசியது. நான்காவதில் வண்டி பிடித்துக்கொண்டது, கீச்சென்ற அந்தப் பழைய குரலோடு. டாக்டர் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"அட, புகையே இல்லையே! நல்லா ட்யூன் பண்ணி வச்சிருக்கீங்க."

"மச்சான் வேலை" என்றார் கண்ணாடிக்காரர், கொஞ்சம் பெருமையோடு.

பல்லைப் பார்த்தால் சொத்தை எங்கே என்று சொல்லிவிடுவார் டாக்டர். புகை இல்லாத டூ-ஸ்ட்ரோக்கைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வரவில்லை. முப்பது வருடம் அந்தப் புகையிலேயே வாழ்ந்தவருக்கும் வரவில்லை, ஏனென்றால் கலக்கிற வேலை என்றைக்குமே அவருடையது இல்லை.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவதில், மேஜை மாதிரி உச்சி தட்டையான மண்மேட்டைத் தாண்டினார். சக்கரம் இரண்டும் ஒழுங்காக இறங்கின. முன்பெல்லாம் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் தானாகக் கிளம்பும். இப்போது மேடு வந்தது, போனது, அவ்வளவுதான். பட்டன் வண்டியே போதும் என்று கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டார். அதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கூடத் தயாராகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றில், நேர்பாதையின் நடுவில், குரல் கம்மியது. பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. இடது கை விரல் தானாகக் கிளட்ச்சைப் பிடித்தது. தலை மறந்ததை விரல் மறக்கவில்லை. வண்டி கோணலாகச் சறுக்கி, விழாமல் நின்றது. இன்ஜின் உள்ளே சூட்டில் இறுகி சீஸ் ஆகிவிட்டது. மறுபடி உதைத்துப் பார்த்தார். கிக்கர் இறங்கவே இல்லை.

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஹெல்மெட்டைக் கழற்றி மண்ணில் போட்டு, வேன் நின்ற பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யோவ் மச்சான்! ஆயில் ஊத்த மறந்துட்டியா?"

வேன் பக்கம் டாக்டர் மட்டும் நின்றிருந்தார். அவர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, மெல்ல நடந்து வந்து ஹெல்மெட்டைப் பொறுக்கி மண்ணைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். கயிற்றை டாக்டர்தான் கட்டினார்.

தங்கை வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்று அவர் சொன்னார், சுற்றி வளைக்கவில்லை.

"வண்டியைக் கெடுத்துட்டேன்மா. ஆயில் கலக்காம ஊத்திட்டேன். இன்ஜின் போச்சு."

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"மறந்துட்டியா?"

"மறக்கல. நான் கலக்கணும்னே தோணல. அவன் கேன்ல இருந்தா அவன் கலந்திருப்பான்னு..."

அப்போதுதான் ஜன்னலோரம் அது கண்ணில் பட்டது. வாய் விண்ட அளவுக் குவளை, அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு ஆயிலோடு. ஷெட்டில் அதைக் காணாதது கூட அவருக்கு உறைக்கவில்லை.

"அது எப்படி இங்க?"

"அவர் போன மறுநாளே எடுத்துட்டு வந்துட்டேன். கழுவல" என்றாள் தங்கை. "சாயங்காலம் வந்தா அவர் கையில இந்த வாசனைதானே அடிக்கும்."

கண்ணாடிக்காரர் குவளையை எடுத்து முகர்ந்தார். முகர்ந்தவர் அதைத் திரும்ப வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அவனைத் திட்டிட்டேன்மா. ட்ராக்குல, ஊருக்கே கேக்கற மாதிரி. ஆயில் ஊத்த மறந்துட்டியான்னு."

தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அது கோணிக்கொண்டு போனதைப் பார்த்தாள். எட்டு மாதத்து மொத்தமும் ஒரே நேரத்தில் வந்தது. வாய்விட்டு, மூக்கொழுக, கொஞ்சமும் அழகில்லாமல் அழுதார். அவள் ஈரக் கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்றாள்.

கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"நாளைக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்ல?"

"பட்டன் வண்டியை எடுத்துக்கச் சொல்லு."

"இது ஓடாதேண்ணே."

"பிஸ்டன் மாத்தினா ஓடும். மேடா ஒரு இடம் பாத்து உருட்டிக் கிளப்பிக்கறேன், உதைக்க வேணாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டு குவளையைத் தூக்கிப் பார்த்தார். "இதை மட்டும் குடு. இனி நான்தான் கலக்கணும்."

தங்கை அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"தரமாட்டேன். கலக்கணும்னா இங்க வந்து கலந்துட்டுப் போ."